ஜமால் மேஸ்திரி சந்தின் பாரம்பரியக் குடல்

அரசாங்கத்துக்கு வயிறு உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வயிற்றுக்கென்று ஓர் ஆணையம் உண்டு. பெருநகர வயிற்று நல ஆணையம் என்று பெயர். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் சந்துக்கே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, வடை தின்றுவிட்டுப் போயிருக்கிறது. என்ன நடந்தது என்று கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். முடியாது என்றுதான் தோன்றுகிறது.

ராயபுரத்தில் ஜமால் மேஸ்திரி சந்து ஒரு முட்டுச்சந்து. சந்து முனையில் என் ஜெராக்ஸ் கடை, இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கோடவுன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் அடிபம்பு. தண்ணீர் விடியற்காலையில் வரும். வரும்போதே கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு வரும். எங்கள் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் மண்ணுக்குள் எங்கேயோ ஒன்றுக்கொன்று சம்பந்தியாகிவிட்டன என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதல் சில குடம் தண்ணீரை அடித்து அடித்துச் சாக்கடையிலேயே ஊற்றுவோம். கறுப்பு டீ நிறமாகும், டீ மோர் நிறமாகும், அப்புறம் ஒரு வழியாகத் தண்ணீர் நிறம் வரும். அதன் பிறகே குடத்தை வைப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இந்தச் சந்தில் கை முளைத்த பிள்ளைகள் எல்லாம் இதைச் செய்யும். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் தண்ணீர் கேட்டாலும் நன்றாக அடித்து ஊற்றிவிட்டுத்தான் சொம்பைப் பிடிப்போம். அது நாங்கள் காட்டும் மரியாதை.

நிறம் போனால் கிருமி போய்விடுமா? போகாது. உசேனின் மகள் தஹ்சீனுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மூன்றாம் முறையாக வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தாள். டாக்டரம்மா ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "மருந்து கொடுத்து அனுப்புறேன், ஆனா அந்தத் தண்ணிய மாத்தலைன்னா திரும்ப இங்கதான் வருவா, இன்னொரு தடவை தாங்க மாட்டா."

உசேன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் யார்டு வாசலுக்கு வெளியே வரிசையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், அதனால் பொறுமை அதிகம். அந்தப் பொறுமையோடு தண்ணீர் ஆபீசுக்குப் போனார்.

"பைப்புல சாக்கட கலக்குது சார். பொண்ணு மூணாவது தபா படுத்துகினா. அந்த ஓட்ட பைப்ப மட்டும் மாத்திக் குடுங்க சார், வேற ஒண்ணியும் கேக்கல."

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அனுதாபத்தோடு கேட்டார். "வயித்துக் கோளாறுன்னு சொல்றீங்களா, பைப் கோளாறுன்னு சொல்றீங்களா?"

"பைப்பாலதான சார் வயிறு!"

"வயிறுன்னு ஒரு வார்த்தை வந்துட்டாலே அது இப்ப எங்களோடது இல்லைங்க. ஆணையத்துக்குப் போயிரும். அவங்க தண்ணி சாம்பிள் எடுத்து, தண்ணி கெட்டதுன்னு சொன்னா, நாங்க மறுநாளே தோண்டிடுவோம்."

மறுநாளே தோண்டிவிடுவோம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு உசேன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். வரும் வழியில் என் கடையில் நின்று, "இன்னா நைனா, நம்ம கவருமெண்டு அவ்ளோ மோசம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆணையத்தின் கள அலுவலர் ஜெஸ்வின், கழுத்தில் அட்டையும் கையில் கண்ணாடிப் பாட்டிலுமாக ஒரு விடியற்காலையில் வந்தார். நல்ல பையன், பார்த்தாலே தெரியும். உசேன் வண்டியோடு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் மனைவி ரஹீமுன்னிசாதான் வாசலில் இருந்தாள். ஜெஸ்வின் பாட்டிலை நீட்டி, "இதுல தண்ணி பிடிச்சுக் கொடுங்கம்மா" என்று கேட்டார். ரஹீமுன்னிசா பம்பை அடிக்கத் தொடங்கினாள். கறுப்பு போயிற்று, டீ நிறம் போயிற்று, மோர் நிறமும் போயிற்று. ஜெஸ்வின் செல்போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பாட்டிலின் அடியில் சோதனைக்கென்று போட்டிருந்த ஏதோ வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பாவம், கழுவாத பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் அதையும் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரைக் கழுத்து வரை பிடித்துக் கொடுத்தாள். "டீ சாப்டுப் போ தம்பி" என்றும் சொன்னாள்.

முடிவு வந்தது. ஜமால் மேஸ்திரி சந்தின் குடிநீர் மிகச் சிறப்பானது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆகவே குறை வேறு இடத்தில் இருக்கிறது. உசேன் கொடுத்த குழாய்ப் புகார் அன்றே குடல் புகாராக மாற்றப்பட்டது. ஒருவர் புகார் கொடுத்தால் அவர் வீட்டுக் குடல் மட்டும், சந்தே புகார் சொன்னால் சந்தின் மொத்தக் குடலும் என்பது விதியாம். உசேனின் புகாரில் நாங்கள் எல்லாரும் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் ஷாமியானா போட்டார்கள். ஆணையத்தின் இணை இயக்குநர் முனைவர் வேலப்பன் வந்தார். பின்னால் தொங்கிய பேனரில் ஒரு பெருங்குடல் சிரித்துக்கொண்டிருந்தது. "குழாயைப் பார்க்காதே, குடலைப் பார்!" என்று அதன் கீழே எழுதியிருந்தது. வேலப்பன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மக்களே! நீங்கள் எல்லாரும் உங்களைத் தனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை! உங்கள் குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நீங்கள் வீட்டுக்காரர், அவை குடித்தனக்காரர். நல்ல குடித்தனக்காரர் இருந்தால் செரிமானம் ஒழுங்காக இருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், தோல் மினுங்கும், தூக்கம் வரும். கெட்டவர் புகுந்தால் வயிற்றுப்போக்கு. இப்போது சொல்லுங்கள், குடித்தனக்காரர் தகராறு செய்தால் நீங்கள் யாரை மாற்றுவீர்கள்? அவரையா, தெருக் குழாயையா?"

எல்லாரும் கைதட்டினார்கள். கேள்வி அப்படிக் கேட்கப்பட்டது. பக்கத்து வீட்டு அங்கம்மா மட்டும் கைதட்டவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அங்கம்மாவுக்கு மைக் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "கெட்டவன் எந்த வழியா உள்ள வரான் சார்? பைப்பு வழியாத்தான வரான்?"

"தாயே, உங்கள் குடலில் நல்லவர்கள் நிறைய இருந்தால் கெட்டவன் உள்ளே வந்தும் என்ன செய்வான்? இடமில்லாமல் திரும்பிப் போய்விடுவான். நாம் எதிரியைக் குறை சொல்லக் கூடாது. நம் படையைப் பலப்படுத்த வேண்டும். அதற்குத்தான் புரோபயாடிக்!"

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் பொய் பேசவில்லை. குடலில் நல்ல பாக்டீரியா இருப்பது, தயிரும் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் அதற்கு உதவுவது, உடம்பு மொத்தத்துக்கும் அதனால் பலன் இருப்பது எல்லாம் டாக்டர்களும் சொல்லும் விஷயம்தான். இத்தனை உண்மைகளையும் வரிசையாக அடுக்கி ஒரு ஓட்டையை மறைக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டும்.

வீட்டுக்கு வீடு புரோபயாடிக் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ரஹீமுன்னிசா டம்ளரை எடுத்துக்கொண்டு ஜெஸ்வினிடம் வந்தாள்.

"தம்பி, டாக்டரம்மா சொன்னதுலருந்து கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணிதான் பொண்ணுக்குக் குடுக்கறேன். அதுல கலக்கலாமா?"

ஜெஸ்வின் கையேட்டைப் புரட்டினார். "சூடு ஆகாதும்மா. சூடு பட்டா நல்ல பாக்டீரியா செத்துடும். பச்சைத் தண்ணியிலதான் கலக்கணும்."

"ஆற வெச்சுட்டா சூடு இருக்காதே."

"கையேட்டுல ஆற வைக்கறதைப் பத்தி ஒண்ணும் போடலம்மா. வெந்நீர் கூடாதுன்னு மட்டும் போட்டிருக்கு. எதுக்கு வம்பு? கொதிக்க வைக்காதீங்க."

இதுவரை எங்கள் சந்தில் பிள்ளைகளை ஓரளவாவது காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தக் கொதிக்க வைத்த தண்ணீர் ஒன்றுதான். ரஹீமுன்னிசா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அதன் பலனாக அவள் வீட்டுக் கதவில் "ஒத்துழைக்காத குடல்" என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

அடுத்த கட்டம், நாங்கள் மாதிரி கொடுக்க வேண்டும். எதன் மாதிரி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு வெள்ளை டப்பா. ஐஸில் வைத்துப் பத்திரமாக, அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். ஐஸுக்கு நாங்கள் எங்கே போவோம்? அங்கம்மாவின் மீன் பெட்டிதான் கைகொடுத்தது. சந்தின் மொத்த டப்பாக்களும் அதில் ஏறின. அன்று அங்கம்மா மீன் விற்கப் போகவில்லை. "இந்தப் பொட்டிய இனிமே எவன் தொடுவான்? வாவலு மீனு வெச்ச பொட்டி நைனா இது!" என்று என்னிடம் வந்து கத்தினாள். நான் என்ன செய்ய முடியும், ஜெராக்ஸா எடுத்துத் தர முடியும்?

உசேனின் டப்பா மட்டும் அவரோடு டிரெய்லரில் இருந்தது. நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம் என்று எடுத்துப் போயிருக்கிறார். வரிசை நகரவில்லை. யார்டு வாசலில் செக்யூரிட்டி வண்டியைச் சோதனை போட்டபோது, டிரைவர் சீட்டுக்குக் கீழே கேரி பேக்கில் சுற்றிய டப்பா அகப்பட்டது.

"இன்னாய்யா இது?"

"என்னோட சாம்பிள் சார்."

"இன்னா சாம்பிள்? ஏற்றுமதியா, இறக்குமதியா?"

உசேன் யோசித்து, "இறக்குமதி இல்ல சார்" என்றாராம். செக்யூரிட்டி மூடியைத் திறந்து பார்த்தார். அதன் பிறகு உசேன் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார். டப்பா அறிவிக்கப்படாத சரக்காகத் தனி அறையில் வைக்கப்பட்டது. ஜெஸ்வின் ஆணையத்தின் முத்திரையோடு பைக்கில் வந்து, டிரெய்லர் டிரெய்லராக விசாரித்து, கடைசியில் அந்த டப்பாவை மீட்டுக்கொண்டு போனார். அரசாங்கம் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் உசேனுக்கு ஒரு சந்தேகம். இந்த நாற்றம் பிடித்த தண்ணீர் எப்படிப் பரீட்சையில் தேறியது? ஒரு நாள் வீட்டில் கேட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன். ரஹீமுன்னிசா சாதாரணமாகச் சொன்னாள்.

"கலீஜான தண்ணியெல்லாம் அடிச்சு ஊத்திட்டு, தெளிஞ்சப்புறம்தான் புடிச்சுக் குடுத்தேன்."

உசேன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கலீஜத்தான்டி அவன் கேட்டான்!"

"வூட்டுக்கு வந்த புள்ள. பாட்டில நீட்டி ஒரு வாய் தண்ணி கேக்குது. அந்த நாத்தத்தையா புடிச்சுக் குடுக்க முடியும்? மனசு வருமா உங்களுக்கு?"

நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பக்கத்து வீடுகளில் விசாரித்தோம். அன்று ஜெஸ்வின் அங்கே நீட்டிய இரண்டாம் பாட்டில், மூன்றாம் பாட்டில் எல்லாமே அதே மரியாதையோடுதான் நிரப்பப்பட்டிருந்தன. எங்கள் நல்ல பழக்கத்தாலேயே எங்கள் குழாய்க்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

உசேன் ஆணையத்துக்கு ஓடினார். மறு மாதிரி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு முறை சிறப்பானது என்று சொல்லப்பட்ட தண்ணீரை மறுபடி சோதிப்பது சோதித்தவர்களை அவமதிப்பதாகும் என்றார்கள். அவர் தினமும் வண்டியை விட்டுவிட்டுப் போய் நின்றார். ஓனர் திட்டினார், சம்பளம் பிடித்தார். கடைசியில் ஆளைக் கழற்றிவிடுவதற்காகவே ஜெஸ்வினை இன்னொரு பாட்டிலோடு அனுப்பினார்கள். அன்று விடியற்காலையில் சந்தே திரண்டு நின்றது. ரஹீமுன்னிசாவின் கை தன்னால் பம்புப் பக்கம் போயிற்று. அங்கம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உசேனே முதல் அடி அடித்தார். கறுப்பாக, நுரைத்துக்கொண்டு, நாறிக்கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலில் விழுந்தது. ரஹீமுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்க தம்பி" என்றாள்.

"இனிமே தப்பிக்க முடியாது நைனா. பாட்டில்லயே நாறுதே" என்றார் உசேன். எனக்கும் நம்பிக்கையாக இருந்தது. இந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகும் குழாயை மாற்றாமல் இருக்க ஒரு மனிதனால் முடியுமா?

முடியும். ஷாமியானா மறுபடி வந்தது. இந்த முறை மேளமும் வந்தது. எங்கள் டப்பாக்களின் முடிவும் பாட்டிலின் முடிவும் ஒன்றாக வந்திருந்தன. வேலப்பன் மைக்கைப் பிடிக்கும் முன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மக்களே! உங்கள் குடலில் நாங்கள் கண்டது சாதாரணமல்ல. இத்தனை வகை பாக்டீரியாக்கள் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. சிலவற்றுக்கு இன்னும் பெயரே கிடையாது! சுத்தம் சுத்தம் என்று சொல்லி வெளிநாட்டுக்காரன் தன் குடலை மொட்டையடித்துக்கொண்டான். இன்று ஒவ்வொரு பாக்டீரியாவையும் மாத்திரையாக விலைக்கு வாங்குகிறான். நீங்களோ இலவசமாகப் பெற்று வந்திருக்கிறீர்கள். எங்கிருந்து? இதோ, இந்தக் குழாயிலிருந்து! தண்ணீரில் இருந்ததும் உங்களுக்குள் இருப்பதும் ஒன்றேதான் என்று எங்கள் சோதனை நிரூபித்துவிட்டது."

"அதத்தான சார் நான் மொதல்லருந்து சொல்லிகினு கீறேன்" என்று எழுந்தார் உசேன்.

"உங்களுக்கு நன்றி! உங்களால்தான் இது வெளியே வந்தது!" என்று வேலப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவருக்குச் சால்வை போட்டார். போட்டோ எடுத்தார்கள். சால்வையோடு உசேன் கேட்டார்: "அப்ப எப்ப சார் தோண்டுவீங்க?"

"தோண்டுவதா?" வேலப்பன் அதிர்ந்துபோனார். "இது பொக்கிஷம் ஐயா! இன்று முதல் ஜமால் மேஸ்திரி சந்து, பாதுகாக்கப்பட்ட நுண்ணுயிர்ப் பாரம்பரியப் பகுதி. இந்தக் குழாயில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொட முடியாது. உங்களுக்கு நான் உறுதி அளிக்கிறேன்!"

மறுபடி கைதட்டினார்கள். பழக்கதோஷம்.

அடுத்த வாரம் சந்தில் பலகை நட்டார்கள். முதல் குடத் தண்ணீரைக் கீழே ஊற்றுவது தடை செய்யப்பட்டது. இத்தனை வருஷமாக நாங்கள் பாரம்பரியத்தைச் சாக்கடையில் ஊற்றி வந்திருக்கிறோம் என்று ஜெஸ்வின் வருத்தத்தோடு சொன்னார். "சாக்கடலருந்து வந்தத சாக்கடலதான தம்பி ஊத்தறோம்!" என்றாள் அங்கம்மா. அதற்குக் கையேட்டில் பதில் இல்லை. ஜெஸ்வின் விடியற்காலைகளில் ரோந்து வந்தார். நாங்கள் அவர் திரும்பும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றினோம். சொந்த வீட்டு வாசலில், சொந்தச் சாக்கடைத் தண்ணீரை, திருடர்களைப் போல.

தஹ்சீன் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தியின் பாட்டிலில் இருந்து குடித்தாளோ, பம்பில் கைகழுவி விரலைச் சூப்பினாளோ தெரியாது. நான்காம் முறை விழுந்தாள். இந்த முறை டாக்டரம்மா எதுவும் சொல்லாமல் உசேனைப் பார்த்தாராம். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை என்று உசேன் என்னிடம் சொல்லி அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆணையத்திலிருந்து ஆப்பிள் பழங்களோடு பார்க்க வந்தார்கள். வேலப்பன் கட்டிலருகே நின்று விளக்கம் சொன்னார். "இதை நோய் என்று நினைக்காதீர்கள். பழைய பாக்டீரியாவும் புது பாக்டீரியாவும் இவள் குடலில் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. பேச்சுவார்த்தையில் கொஞ்சம் வெளிநடப்பு இருக்கத்தான் செய்யும்." தஹ்சீன் கண்ணைத் திறந்து, "அத்தா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஆஸ்பத்திரித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இதற்குள் சந்தின் கோடியில் இருந்த கோடவுனை ஆணையம் எடுத்துக்கொண்டது. பெயிண்ட் அடித்து, ஏசி மாட்டி, பாரம்பரியக் குடல் ஆய்வு மையம் என்று பெயர் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வெளியிலிருந்து கேன் தண்ணீர், வெளியிலிருந்து ஜூஸ். வேலப்பன் ஒரு மணி நேரம் எங்கள் தண்ணீரைப் புகழ்ந்து பேசி, நடுநடுவே சீல் வைத்த பாட்டிலைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டார். கடைசியில் வடை சாப்பிட்டார். கைகழுவப் பக்கத்து வீட்டு வாசல் பம்புக்கு வந்தார், குழாயில் மிச்சம் நின்ற தண்ணீரில் பழக்கத்தில் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார். குடிக்கவில்லை. சத்தியமாகக் குடிக்கவில்லை, துப்பினார்.

மறுநாள் அவரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று ஜெஸ்வின் சொன்னார். அதற்கு அடுத்த நாள், நம்பினால் நம்புங்கள், பொக்லைன் வந்தது.

நாங்கள் தூக்கம் கலைந்து வாசலுக்கு ஓடினோம். தண்ணீர் ஆபீஸ் ஆட்கள், இன்ஜினியர், லாரி நிறையப் புத்தம் புது நீலக் குழாய்கள். அவ்வளவு நாள் யாருக்கும் கிடைக்காத அனுமதி ஒரே காலையில் கிடைத்திருந்தது. சந்து முழுக்கப் பள்ளம் தோண்டினார்கள். ரஹீமுன்னிசா வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அங்கம்மா வஞ்சிரம் வறுத்தாள். உசேன் அன்று வேலைக்குப் போகவில்லை. மண் அள்ளினார், குழாயைத் தோளில் தூக்கினார். அன்று தஹ்சீனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாள். மாலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். உசேன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"சார், எங்க வூட்டுக்கு எப்ப சார் கனெக்சன் குடுப்பீங்க?"

இன்ஜினியர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்கா? இது ஆய்வு மையத்துக்குப் போற தனி லைன். உங்க பைப்பைத் தொடக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கே. பாரம்பரியப் பகுதி."

உசேன் மகளைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு பிள்ளையோடு ஆய்வு மையத்தை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வேலப்பன் அன்றுதான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார். இளைத்து, வெளுத்து, குச்சியாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் புதுக் குழாயைத் திறந்து ஜெஸ்வின் சோதித்துக்கொண்டிருந்தார். முதல் சொட்டிலிருந்தே தெளிந்த தண்ணீர்.

"சார், ஒரே ஒரு கொடம் சார், தெனமும். எம் பொண்ணு குடிக்கறதுக்கு மட்டும். நாங்க பழய தண்ணியவே குடிச்சுக்கறோம், இவளுக்கு மட்டும் குடுங்க சார்."

வேலப்பன் மிகவும் கனிவாகச் சொன்னார்: "உசேன், நான் தெற்கே நல்ல தண்ணீர் உள்ள ஊரில் பிறந்து வளர்ந்தவன். என் குடலுக்கு உங்கள் செல்வம் இல்லை, அதனால் எனக்கு இந்தச் சாதாரணத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு அப்படியா? இத்தனை கஷ்டப்பட்டுச் சேர்த்ததெல்லாம் போய்விடுமே. இந்தத் தண்ணீரைக் கொடுத்தால் அவள் வயிறு கெட்டுவிடும்."

"கெட்டுப் போவட்டும் சார்!" என்று உசேன் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. தோளில் இருந்த பிள்ளை திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. "எம் பொண்ணு வயிறு ஒரு தபாவாவது நல்ல தண்ணியால கெட்டுப் போவட்டும் சார்!"

வேலப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு ஜெஸ்வின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீர்களா? கோபம்கூடக் குடலிலிருந்துதான் வருகிறது. இந்த வகை பாக்டீரியாவை நாம் இன்னும் பதிவு செய்யவில்லை. உடனே இவரிடம் ஒரு மாதிரி வாங்குங்கள்."

ஜெஸ்வின் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவர்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். உசேன் அதை வாங்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். மூடிய பள்ளத்தின் ஈரமண்ணில் கால் புதையப் புதைய, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். அவர் காலுக்குக் கீழே புதுக் குழாயில் தண்ணீர் அவருக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.